ஷோகேஸில் அக்கா

திண்டிவனம்,
திங்கள் இரவு.

அண்ணாவுக்கு,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

கல்லூரிக்காக விழுப்புரம் ஸ்டேஷனிலும் நம் ஊர் பஸ் ஸ்டாண்டிலும் நீ எடுத்த படங்களை இங்கே ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்துவிட்டுப் போனாய். அதில் ஒன்றை ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கி, கல்யாண ஜோடிகளின் படங்களுக்கு நடுவில் ஷோகேஸில் மாட்டியிருக்கிறார். மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம். முன்னால், ஒரே குடையில், நம் அக்காவும் டைப்ரைட்டிங் வகுப்பில் அவளோடு படிக்கும் வாலிபரும்.

அக்காவை முகையூரில் கொடுப்பதாக அப்பா பேசி முடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவர் ஸ்டுடியோ இருக்கும் தெரு வழியாகத்தான் வருவார்.

இன்று பள்ளி விட்டதும் போய், படத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

“இன்னாம்மா, பேஜாரு பண்ற? உங்க அண்ணன் எடுத்ததுலயே இதான் டாப்பு. பஸ்ஸ வுட்டுட்டு நின்னு பாத்துக்கினு போறாங்க. எடுத்தவரு சொல்லட்டும், எடுத்துர்றேன்” என்றார்.

அதனால் நீ அவருக்கு உடனே எழுது. கார்டில் வேண்டாம், கவரில் போடு. காரணம் சொல்லாதே.

கண்ணாடிக்கு அருகில் நின்று வெகுநேரம் பார்த்தேன். அக்கா நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்படியானால் உனக்கு எல்லாம் தெரியும். எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொன்று. கழற்றிய படத்தைக் கிழித்துவிட வேண்டாம் என்றும் எழுது. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பா இருமுகிறார். விளக்கை அணைக்கிறேன்.

உன் தங்கை