பொருள் இழப்பு: இல்லை

ஜூன் 9, திங்கள்

எல்லாம் போச்சு.

பதினேழாம் தளம். தரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி. மிதித்ததும் மயக்கப் புகை. சுற்றிலும் தவளைகள். என் விளக்குக்காரி எழுந்திருக்கவே இல்லை. வாள், கேடயம், பார்த்துப் பார்த்துச் சேர்த்த மூலிகை, சோற்றுருண்டை, ஒன்றும் மிச்சமில்லை. கண் விழித்தால் மலையடிவாரக் கிராமம், வெறுங்கை, மறுபடி முதல் தளம்.

விளையாட்டு மெஷினை சோபாவில் விட்டெறிந்தேன். ஜாஸ்பர் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். "ஏட்டி, என்னாச்சு? தலை சுத்துதா?" அத்தை அதற்குள் மாத்திரை டப்பாவை எடுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபம் வந்தது, அவ்வளவுதான். இந்த வீட்டில் எனக்குக் கோபம் வருவதும் ஒரு வியாதி.

ஜூன் 10

இந்த மெஷினே ஜாஸ்பர் கொண்டு வந்ததுதான். வண்ணார்பேட்டையில் அவருடைய செல்போன் கடையில் யாரோ விற்றுவிட்டுப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நாளில், "சும்மா விளையாடு" என்று கையில் கொடுத்தார். உள்ளே ஒரே ஒரு ஜப்பான் விளையாட்டு. ஒரு பெண் விளக்கோடு பாதாளத்துக்குள் இறங்குகிறாள். தளம் தளமாகக் கீழே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் வழி மாறிவிடும். விழுந்தால் கையில் உள்ளது அத்தனையும் போய்விடும். விழுவதற்கு முந்தைய இடத்துக்குத் திரும்பிப் போகவும் விடாது.

எவ்வளவு மோசமான விளையாட்டு! ஆனால் இது ஒன்றுதான் என் முகத்தைப் பார்த்து அடியைக் குறைப்பதில்லை.

மற்றவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். எதிர்வீட்டு முத்துராணி தன் கைக்குழந்தையை என் கண்ணில் காட்டாமல் பின்வாசல் வழியாகத் தூக்கிப் போகிறாள். டிவியில் குழந்தைப் பவுடர் விளம்பரம் வந்தால் அத்தை சேனலை மாற்றுகிறார்கள். ஏப்ரலில், ஏழாம் மாதத்தில் என் பிள்ளை போனதற்கு இந்த வீட்டில் பெயர் "அந்த விஷயம்". மயக்க மருந்து கொடுத்து வயிற்றைக் கிழித்தார்கள். நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆணா பெண்ணா என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு? ஆஸ்பத்திரியிலயே பார்த்துக்கிட்டாவ. நீ ஒறங்கு" என்றார்கள் அத்தை. ஜாஸ்பர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 14

ஐந்தாம் தளத்தில் பசியால் செத்தேன். ஐந்தாம் தளத்தில்! சோறு இருந்தது, சாப்பிட மறந்துவிட்டேன். ஏனோ அதற்கு அப்படி ஒரு அழுகை.

ஜூன் 18

புது வாள். கொல்லனிடம் கொடுத்துக் கொடுத்துத் தீட்டியிருக்கிறேன். கை பழகிவிட்டது போலிருக்கிறது, அடி அவ்வளவாக விழவில்லை.

ஜூன் 21, சனி

இருபதாம் தளத்துக் கல்மூஞ்சியைக் கொன்றுவிட்டேன்!! எத்தனை தடவை என்னை நசுக்கியவன். இன்று நாலே அடி. வீட்டில் சத்தம் போட்டுச் சிரித்தேன், ஏப்ரலுக்கு அப்புறம் முதல் தடவை. அத்தை எட்டிப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஜாஸ்பர் கடைக்குப் போகும் வழியில் நின்று, "நீ கெட்டிக்காரிட்டி" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எதையோ தாண்டி வந்துவிட்ட மாதிரி.

ஜூன் 24, செவ்வாய்

பொய். எல்லாம் பொய்.

இருபத்துமூன்றாம் தளத்தில் விழுந்தேன். சரி, போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிராமத்தில் கண் விழித்தால் கையில் வாள் இருக்கிறது. கேடயம் இருக்கிறது. பையில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன், அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. பிறகு சந்தேகம் வந்து அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். கடினம்: எளிது. பொருள் இழப்பு: இல்லை.

அப்படியானால் கல்மூஞ்சியை நான் கொல்லவே இல்லை. பல்லைப் பிடுங்கி வைத்த ஒன்றைக் கொன்றுவிட்டு ஆடியிருக்கிறேன். இவர் பார்த்துக்கொண்டே நின்று கெட்டிக்காரி என்றிருக்கிறார்.

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் மெஷினை நீட்டினேன். "இத மாத்துனது யாரு?"

"நாந்தான்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அன்னைக்குப் பசியில செத்துட்டேன்னு அப்படி அழுத. பார்க்க முடியல. நீ குளிக்கப் போன நேரம் சத்தமில்லாம மாத்தி வச்சேன். உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"தெரியாட்டா? தெரியாட்டா சரியாப் போச்சா? நான் தொலைச்சா அது தொலைஞ்சதா இருக்கணும். நான் ஜெயிச்சா அது ஜெயிச்சதா இருக்கணும். நடுவுல நீங்க யாரு?"

அத்தை அடுக்களையிலிருந்து வந்தார்கள். "ஏளா, ஒரு விளையாட்டுச் சாமானுக்கா புருசன இந்த ஏச்சு ஏசுத?"

ஆமாம். விளையாட்டுச் சாமானுக்குத்தான்.

ஜூன் 25

யாரோடும் பேசவில்லை. வீட்டில் எல்லாரும் பூனை மாதிரி நடக்கிறார்கள். அதுவும் எரிச்சல்.

ஒரே கேள்வி காலையிலிருந்து குடைகிறது. இதைச் சத்தமில்லாமல் மாற்றி வைத்தவர் வேறு எதையெல்லாம் மாற்றி வைத்திருப்பார்?

ஜூன் 26, வியாழன்

கேட்டுவிட்டேன். "எனக்குத் தெரியாம வேற என்னத்த மாத்தி வச்சிருக்கீய?"

மெஷினைப் பற்றிக் கேட்கவில்லை என்று உடனே புரிந்துகொண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பெண் பிள்ளை. ஆஸ்பத்திரி ஒன்றையும் பார்த்துக்கொள்ளவில்லை. இவர் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள். அத்தை ஒரு புதுத் துண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஐசியூவில் கிடந்த அன்று சாயங்காலமே இவரும் சர்ச் உபதேசியாரும் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போய் அடக்கம் பண்ணியிருக்கிறார்கள்.

"நான் கேட்டேன்லா? கண்ணு முழிச்சதும் மொதல்ல அதத்தான கேட்டேன்?"

"மனசு தாங்காதுன்னு டாக்டரும் சொன்னாவ, கரோ. அம்மாவும்…"

"தாங்குமா தாங்காதான்னு என்கிட்டல்லா கேக்கணும்!"

கையில் இருந்த தம்ளர் சுவரில் போய் விழுந்தது. விழட்டும். நீரு பார்த்துட்டீரு. நீரு தூக்கிட்டீரு. ஏழு மாசம் வயித்துல வச்சிருந்தவ ஒரு தடவ பார்க்கல. ஒரு தடவ. எவ்வளவு கனம்னுகூட எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் உங்களுக்குள்ள வச்சுக்கிட்டு எனக்கு டிவி சேனல மாத்துதீய. பாவி. பாவி மனுசா.

ஜூன் 27

தலைமுடி நிறைய இருந்ததாம்.

ஜூன் 29, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அத்தை கேட் வரை வந்து அங்கனயே நின்றுகொண்டார்கள்.

மதில் ஓரம். சின்ன மேடு, கல் இல்லை. சுற்றிலும் களை ஒன்றுகூட இல்லை. யார் பிடுங்கியது என்று கேட்டதற்குத்தான் அடுத்ததும் வெளியே வந்தது. ஞாயிறுதோறும் சரக்கு வந்திருக்கிறது என்று கடைக்குப் போனாரே, வந்தது இங்கேதான்.

எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. தன் பங்குக்கு இவர் வாரம் ஒரு தடவை வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறார். என் பங்கு?

மண்ணில் உட்கார்ந்தேன். கை வைத்தேன். வெயிலில் சுட்டது. எடுக்கவில்லை. இவர் பக்கத்தில் நின்று விம்ம ஆரம்பித்தார். அழாதீங்க என்று நான் சொல்லவில்லை. அழட்டும். திரும்பும்போது அத்தை என் கையைப் பிடிக்க வந்தார்கள். பிடிக்க விட்டேன்.

ஜூலை 2

அமைப்பை நானே மாற்றினேன். கடினம்: முன்பு போல. பொருள் இழப்பு: உண்டு. அந்தப் பொய் வாளை விற்றுவிட்டு வெறுங்கையோடு இறங்கினேன். மூன்றாம் தளத்திலேயே போய்ச் சேர்ந்தேன். நன்றாகத் திட்டினேன்.

ஜாஸ்பர் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எதுட்டி கொன்னுச்சு?" என்று மட்டும் கேட்டார். "தவளை" என்றேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த பிறகு நான் அவரிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

ஜூலை 7, திங்கள்

லீவு முடிந்து பள்ளிக்கூடத்தில் மறுபடி பாடம் எடுக்கப் போனேன். டீச்சர்கள் எல்லாரும் என்னிடம் வெயிலைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

எட்டாம் வகுப்பில் முஃபீதா எழுந்து நின்றாள். "மிஸ், பாப்பா பிறந்துட்டா?" வாசலில் நின்ற தமிழ் டீச்சர், "ஏ, உக்காரு பிள்ள! கேக்கதப் பாரு" என்று அதட்டினார்கள்.

"அதட்டாதீங்க டீச்சர், கேக்கட்டும்" என்றேன். அவளிடம், "பிறந்துச்சும்மா. இறந்து பிறந்துச்சு. பொம்பளப் பிள்ளை" என்றேன்.

அவள் அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கொஞ்சம் யோசித்தாள். "பேரு என்ன மிஸ்?"

அதை இதுவரை யாருமே கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன், சாக்பீஸைக் கையில் எடுத்தேன். பிறகு திரும்பி, "பெர்சிஸ்" என்றேன்.

சாயங்காலம் கடைக்கு நேரே போய் ஜாஸ்பரிடம் சொன்னேன். யாருடைய போனையோ பிரித்து வைத்துக்கொண்டிருந்தவர், திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார்.