மேல் வரிசையின் முதல் குடம்

1983 பிப்ரவரி 20, ஞாயிறு

காலையில் பனி. பக்கத்து வீட்டு ஓடு கூடத் தெரியவில்லை. பிறகு நல்ல வெயில். புளி உலுக்கும் காலம், ஆண்கள் எல்லாரும் மரத்தின்மேல்.

மாமனார் ஆலங்காயத்திலிருந்து ஜீப்பில் வந்தார். முறுக்கு, வாழைக்காய், மகளுக்கு ஒரு புடவை. மகள் வீட்டில் இல்லை. கானாற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். புளியந்தோப்பைத் தாண்டி இறங்கி, திரும்ப ஏறி வரவேண்டும். சரசு மூச்சு வாங்க வந்து குடத்தை இறக்குவதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னா மாப்ளே, எங்க வூட்டு வாசல்லயே தெருக்குழாய் கீது. அப்படி வளந்த பொண்ணு இங்க ஆத்துக்கும் வூட்டுக்கும் நடந்துக்கினு இருக்குது."

நான் இன்னொரு முறுக்கைக் கடித்தேன். வேறு என்ன செய்வது?

போகும்போது தீர்த்துச் சொல்லிவிட்டார். "ரெண்டு வாரம் பொறுத்து ஞாயித்துக்கெழமை வர்றேன். தண்ணிக்கு வழி பண்ணியிருந்தா சரி. இல்லன்னா கூட்டிக்கினு போறேன். இங்க தண்ணி வந்தப்பறம் அனுப்பறேன்."

சரசு அவரோடு ஜீப் வரைக்கும் போய்விட்டு வந்தாள். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். கல்யாணமாகி ஒரு மாதம்தான். அதற்குள் இவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 21, திங்கள்

பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் இல்லை. புளி பொறுக்கப் போய்விட்டார்கள்.

சரசுவின் வளையல் இரண்டு உடைந்திருக்கிறது. குடம் இடித்து. "போவட்டும், கண்ணாடிதானே" என்கிறாள்.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சர்க்கார் மேட்டில் புது வரிசை வீடு கட்டியது, ஒன்றை வாத்தியாருக்கென்று விட்டார்கள். சிமெண்டுத் தரை, ஓட்டுக் கூரை. குறை சொல்ல முடியாது. போர் போட்டுக் கைபம்பு வைப்பதாகவும் சொன்னார்கள். வீடு வந்தது, பம்பு வரவில்லை. ஊற்று கீழூரில் இருக்கிறது. மேட்டிலிருந்து நாங்கள் குளித்து, கழுவி, துவைத்து ஊற்றுவதெல்லாம் சரிவில் இறங்கி அதில் போய்ச் சேருகிறது. பொங்கல் கழிந்ததிலிருந்து ஊற்றில் புளித்த வாடை. ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார், மேல் வரிசைக்காரர் யாரும் ஊற்றுப் பக்கம் வரக்கூடாதென்று. சண்டைக்குப் போனேன். மனிதர் ஒரு கை தண்ணீரை மொண்டு என் மூக்கருகே நீட்டினார். சண்டை அதோடு சரி.

"வூடு குடுத்தவங்க தண்ணியக் குடுக்கலியே சார். நாங்க இன்னா பண்றது?" என்றார்.

இதில் சரசுவின் பாடு தனி. இந்த ஊருக்கு வாழவந்த பெண் ஊற்றில் மொள்ளும் முதல் குடத்தை ஊர்ப் பெண் ஒருத்தி தூக்கி இடுப்பில் வைத்துவிட வேண்டும். அதுவரை அவள் விருந்தாளி. விருந்தாளியிடம் யாரும் உப்பு கேட்க மாட்டார்கள், பேன் பார்க்கக் கூப்பிட மாட்டார்கள். 'வாத்தியாரம்மா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த மரியாதைதான் அவளுக்கு ஆகவில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய்

ஓவர்சியர் வந்தார். போர் லாரி கொண்டை ஊசி வளைவில் ஏறாதாம். பாதை அகலமாகும்வரை பம்பு கிடையாது. அதுவரைக்கும் என்று ஒரு யோசனை சொன்னார். வீட்டுக்கு வீடு பின்பக்கம் ஒரு குழி, உள்ளே கல், மேலே சிறு கல், மணல். கழிவுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி அதில் விட்டால் மண் குடித்துக்கொள்ளும். பெயர் சோக்பிட். ஜீப்பில் ஏறும்போது சொன்னார், பாதி ஜீப் சத்தத்தில் போயிற்று.

"இன்னாது, சாக்பீஸா?" என்றான் பக்கத்து வீட்டுச் சின்னான். நான் சிரித்துவிட்டு, இல்லை சோக்பிட் என்றேன். தலையாட்டினான். வரிசை முழுக்க அவன்தான் சொல்லிக்கொண்டு போனான். நல்லதாகப் போயிற்று, எனக்குப் பள்ளிக்கூடம்.

பிப்ரவரி 25, வெள்ளி

எல்லா வீட்டிலும் குழி தயார். புளி வேலையையும் விட்டுவிட்டு வெட்டினார்கள். என் குழியை நானே வெட்டினேன், கையெல்லாம் கொப்புளம். சரசு வேப்பெண்ணெய் தடவிவிட்டாள். "சாக்பீஸ் புடிக்கிற கைக்கு இது தேவையா?" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கிண்டல். கொப்புளம் இன்னும் இரண்டு வந்தாலும் சரி.

ஆலங்காயத்தில் வாங்க: மண்ணெண்ணெய். சாக்பீஸ். ரேடியோ பேட்டரி. வளையல் (பச்சை, அளவுக்கு உடைந்த துண்டை எடுத்துப் போக).

பிப்ரவரி 26, சனி

ஆலங்காயம் போய்ச் சாமான் வாங்கி வந்ததும் வரிசை முழுக்க நடந்து பார்த்தேன். எங்கள் குழி மட்டும் ஈரம். மற்றதெல்லாம் காய்ந்து, சுத்தமாக, துளி நாற்றம் இல்லை. மண் என்னமாய்க் குடிக்கிறது! பெருமை தாங்கவில்லை. ஊர்க்கவுண்டர் வீட்டுக்கே போய், நாளைக்கு ஊற்றைப் பாருங்கள் என்று மார்தட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 27, ஞாயிறு

மார்தட்டியிருக்க வேண்டாம்.

ஊற்றில் நல்லது கெட்டது சொல்வது கவுண்டரம்மாவின் நாக்கு. ஒரு வாய் எடுத்தார், துப்பினார். "அப்படியேதான் கீது சார்." அதில் கோபம்கூட இல்லை. எனக்காக வருத்தப்பட்டார், அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் சரசு தகரப் பெட்டியில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். போகிறாயா என்று நான் கேட்பதற்குள் அவளாகச் சொன்னாள்.

"ஆத்துக்குப் போறது கஷ்டமில்லீங்க. எங்கம்மாவும் நடந்தவங்கதான். குடத்தை நானே தூக்கி நானே எறக்கறேன் பாருங்க, அதுதான்."

வளையல் வாங்கி வந்ததைக் கொடுக்க இது நேரமில்லை. சட்டைப் பையிலேயே இருக்கிறது.

மார்ச் 1, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. சாயங்காலம் சரசு, சின்னானின் பெண்டாட்டி பச்சையம்மாவிடம் அடுப்புக்கு நெருப்பு வாங்கப் போனாள். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்கிறாள், சிரிக்கிறாள், நெருப்பு அணைந்தே போயிற்று.

பச்சையம்மாவின் குழியில் கோழி அடை கிடக்கிறதாம்!

"ஏங்க்கா, தண்ணி எங்க வுடறீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"எப்பவும் போல சரிவுலதான். இது சோப்புக் குழியாச்சே. நாங்க சாம்பலும் அரப்பும் போடறவங்க. சோப்பு போடறது உங்க வூடு மட்டுந்தான். சர்க்கார் சொல்லிட்டாங்கோ, வெட்டி வெச்சிருக்கறோம்."

சோக்பிட் சின்னான் வாயில் சோப்பு பிட்டு, பச்சையம்மா வாயில் சோப்புக் குழி. வரிசையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வெட்டி, கல் போட்டு, மணல் போட்டு, சோப்புத் தண்ணீருக்காகக் காத்திருக்கிறார்கள். நான் அந்தக் காய்ந்த குழிகளைப் பார்த்துத்தான் மண்ணை மெச்சினேன். சரசு இதை மட்டும் மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். "மண்ணு என்னமா குடிக்குதுன்னு சொன்னீங்களே, அதச் சொல்லுங்க."

சிரிப்போடு சிரிப்பாக வளையலைக் கொடுத்துவிட்டேன். போட்டுக்கொண்டாள். பெட்டியைப் பற்றிப் பேச்சில்லை. பெட்டி மூடியபடி அங்கேயேதான் இருக்கிறது.

மார்ச் 2, புதன்

பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வீடாகப் போனோம். பேசினது சரசு, நான் பின்னால் மண்வெட்டியோடு. சோக்பிட் என்ற வார்த்தையை இனி எடுக்கக் கூடாதென்று எனக்கு உத்தரவு. அவள் வைத்த பெயர் 'எல்லாத் தண்ணிக் குழி'. குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி, புள்ளை கழுவின தண்ணி, எல்லாம். சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்க வாய்க்கால் திரும்பிவிட்டது.

பச்சையம்மா மட்டும் மாட்டேன் என்றாள். அடை கிடக்கிற கோழியைக் கலைக்க மாட்டாளாம். "உசுரு கீதே உள்ள." சின்னான் கத்தினான், நானும் கொஞ்சம் கத்தினேன். சரசு எங்களைத் தள்ளிவிட்டு, அவள் வீட்டு வாய்க்காலை எங்கள் குழிக்கு இழுத்துவிட்டாள். "குஞ்சு பொரிக்கற வரைக்கும் எங்க குழியில வுடுங்க்கா."

பச்சையம்மா வாய்க்காலையும் அவளையும் பார்த்தாள். பிறகு, "ஒரு கை உப்பு இருந்தா குடேன்" என்றாள்.

சரசு உள்ளே வந்து உப்பு ஜாடியைத் தேடின வேகத்தைப் பார்க்க வேண்டும். கண் கலங்கியிருந்தது. உப்புக்குப் போய்.

மார்ச் 5, சனி

ஊற்றை இறைத்தோம். கீழூரும் மேல் வரிசையும் சேர்ந்து. பழைய தண்ணீரைக் கடைசிச் சேறுவரை எடுத்து, கல்லைத் தேய்த்துக் கழுவினோம். கவுண்டர் சொன்னார், "ராவெல்லாம் ஊறட்டும். காத்தால பாப்போம்."

நாளைக்கு மாமனார் வருகிறார். சரசுவிடம் கேட்டேவிட்டேன், போகணுமா என்று. "தண்ணி சொல்லட்டும்" என்றாள். நல்ல பெண்டாட்டி!

மார்ச் 6, ஞாயிறு

பனி இல்லை. மேட்டிலிருந்து ஊற்று தெளிவாகத் தெரிகிறது.

மாமனார் சீக்கிரமே வந்துவிட்டார். ஜீப்பைப் போகவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார். பெட்டியைப் பார்த்தார், தூக்கி வாசலில் வைத்தார். சரசு குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். "எங்க போறா?" என்றார். சொன்னேன். அவரும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

கீழே பெண்கள் கூட்டம். சரசு செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றாள். கவுண்டரம்மா குனிந்தார், ஒரு வாய் எடுத்தார். வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். விழுங்கினார். இன்னொரு கை மொண்டு அதையும் குடித்தார். பிறகு சரசுவிடம் என்னவோ சொன்னார், இங்கே கேட்கவில்லை. அவள் மொண்டாள். கவுண்டரம்மா இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டார்.

ஏறி வரும்போது பச்சையம்மா கூடவே வருகிறாள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு. "குடத்த இப்படிச் சாய்க்காதடி." வாத்தியாரம்மா போய், அடி!

சரசு குடத்தை இறக்கினாள். முதல் டம்ளரை அப்பாவிடம் கொடுத்தாள்.

"குடிச்சிட்டுப் போய்ட்டு வாங்கப்பா."

அவர் டம்ளரையும் வாசலில் இருந்த பெட்டியையும் பார்த்தார். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். ஜீப்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். நான் பெட்டியை உள்ளே எடுத்து வைக்கப் போகிறேன்.