நான் எழுதாமல் விட்ட மரம்

என்னைத் தோளில் ஏற்றி ஆறு கடத்திய மணி அண்ணாவுக்கு,

உங்களை வெள்ளம் கொண்டுபோன அதே இடத்தில் இப்போது புதுப் பாலம் நிற்கிறது. வடிவமைத்தது நான்தான். முழுக்க நான் என்றும் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டருக்குள் நூற்றுக்கணக்கான பாலங்களைத் தாறுமாறாகப் பிறக்கவிட்டேன். ஆட்களின் பாரம், காற்று, இரும்பின் எடை எல்லாவற்றையும் கொடுத்துச் சோதித்தேன். தாங்காதவை அழிந்தன. தாங்கியவை இரண்டிரண்டாகக் கலந்து, அங்கங்கே கொஞ்சம் மாறி, குட்டி போட்டன. பல தலைமுறைக்குப் பிறகு மிஞ்சியது மெலிந்த, அழகான ஒரு பாலம்.

படத்தோடு பலாபத்வலைக்குப் போனேன், உங்கள் கூட்டாளி சிவா அண்ணாவின் வெல்டிங் கடைக்கு. நெடுநேரம் பார்த்தார்.

"வெள்ளத்துல மரம் வந்து மோதுனா என்னா செய்யும், தங்கச்சி?"

பழைய பாலத்தில் நீங்கள் நின்றபோது மோதியதும் மரம்தானே? கம்ப்யூட்டருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த நான் அதை மட்டும் எழுதவில்லை. மறந்தேனா அண்ணா, இல்லை கை வரவில்லையா? நான் கேட்காததால், ஆற்றை எதிர்க்க வேண்டிய கம்பிகளையெல்லாம் வீண் என்று கம்ப்யூட்டர் கழித்திருந்தது.

மரத்தின் நீளம், வேகம் எல்லாம் எழுதினேன். அழகான பாலம் முதல் மோதலிலேயே விழுந்தது. திரையில் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் நாள் பிழைத்து வந்தது கோணலான ஒன்று: மரம் அடியால் போக முதுகை உயர்த்தி, தண்ணீர் வரும் பக்கம் தடித்துப்போய்.

சிவா அண்ணா அதை இரும்பில் கட்டி முடித்ததும், போன வாரம் மேலே மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்தோம். கடைசி வரிசைக்கு முன் டக்கென்று ஒரு சத்தம். எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். சிவா அண்ணா மட்டும் கீழே இறங்கினார். பாலம் எவ்வளவு தொய்கிறது என்று காட்டும் அளவுகோலையே நான் பார்த்து நின்றேன். பாலம் மேலும் இறங்கவில்லை.

"ஒரு போல்ட் இப்பதான் எடத்துல உக்காந்திருக்கு. மிச்சத்தையும் போடுங்க."

மிச்ச மூட்டைகளை நானும் தூக்கினேன்.

மறுநாள் காலை அண்ணி கொழுந்து பறிக்கக் கிளம்பினார். நீங்கள் போனதிலிருந்து சுற்றுப்பாதைதான் அவருக்கு. அன்று பாலத்தருகில் நின்றார்.

"அவரு எப்புடிப் போனாருன்னு அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன் அண்ணி."

அண்ணி பாலத்தில் கால் வைத்தார். கம்பியைப் பிடித்தபடி நடந்தார். அக்கரை சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பிப் பார்க்காமல் மலையேறிப் போனார்.

மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களும் ஒரு பாலம் கேட்கிறார்கள், அண்ணா. அங்கே யாருக்கு எதில் பயம் என்று வீடு வீடாகக் கேட்ட பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் தங்கச்சி,
ராணி