கோகிலாவிடம் எடுக்காத ரத்தம்

கண்ணு பிரபாவதிக்கு அப்பா எழுதுவது. மழை விட்டு மலையில் வெயில் அடிக்கிறது, மிளகுக் கொடிகள் நன்றாகப் பிடித்திருக்கின்றன, வீட்டில் எல்லோரும் திடமாக இருக்கிறோம். புனேயில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். காட்டுப்பன்றி புகுந்து மரவள்ளியில் ஒரு மூலையைக் கிளறிவிட்டது, உன் அம்மா இன்னும் அதைத் திட்டி முடிக்கவில்லை. உன் அண்ணி கோகிலாவின் அக்கா பானுமதிக்குப் பெண் குழந்தை பிறந்ததைப் போனிலேயே சொன்னேன், ஆனால் அன்று நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை.

பிரசவத்தில் பானுமதிக்கு ரத்தம் அதிகம் போய்விட்டது, கொடுக்க ஆள் வேண்டும் என்று நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உன் அண்ணன் சசிகுமார் பிக்கப் வண்டியை எடுத்தான், அவன் கூட்டாளி பூபதியும் கோகிலாவும் ஏறினார்கள், நானும் போனேன். வளைவுக்கு வளைவு கோகிலா அழுதுகொண்டே வந்தாள். என் அக்காவுக்கு நான்தான் முதலில் கொடுப்பேன் என்று போனதும் கையை நீட்டினாள். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், “உன் உடம்புலயே ரத்தம் இல்லையேம்மா, உங்கிட்ட எப்படி எடுக்கறது” என்று அனுப்பிவிட்டார். “எனக்குக் கிறுகிறுப்பெல்லாம் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கறேன், எடுத்துக்குங்க” என்று கெஞ்சினாள், கேட்கவில்லை. பூபதியைப் பார்த்தாயானால் தேக்கு மரம் மாதிரி இருப்பான், அவனையும் பிரஷர் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். என்ன சாப்பிடுகிறாய் என்று நர்ஸ் கேட்டதற்கு, லோடு ஓட்டுகிற நேரத்தில் புரோட்டாவும் சிக்கனும்தான் என்றான். கீரை காய்கறி என்று கேட்டதற்கு, “அதெல்லாம் ஊட்டுல பொம்பளைங்க திங்கறதுங்க” என்று சிரித்தான். நர்ஸ் சிரிக்கவில்லை. சசிகுமாரிடம் எடுத்தார்கள், பானுமதியின் கொழுந்தனார் வந்து மீதியைக் கொடுத்தார், உயிர் பிழைத்தது.

நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள் இருவரும், ஒருவன் கண்டதைத் தின்றும் ஒருத்தி தின்னாமலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நம் வீட்டில் கோகிலாவுக்குச் சோறு இல்லாமல் இல்லை. காலையில் எல்லோருக்கும் போட்டுவிட்டு ஒரு டம்ளர் டீயோடு காட்டுக்குப் போய்விடுவாள், மதியம் மிஞ்சியதைக் கரைத்துக் குடிப்பாள். அவளை யாரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை. நேரத்துக்கு உட்கார்ந்து தட்டை நீட்டச் சசிகுமாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. எங்கிருந்து இருவரும் கற்றுக்கொண்டார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் சசிகுமார் அவள் பக்கத்தில் காவல்காரன் மாதிரி உட்கார ஆரம்பித்தான். இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு முட்டை என்று பிடிவாதம். “ஏனுங்க, நான் திங்கறதையே பாத்துட்டு இருந்தா எனக்கு எப்படிங்க எறங்கும்” என்று கோகிலா எழுந்து போய்விட்டாள், அப்புறம் அவனோடு பேசவே இல்லை. கடைசியில் உன் அம்மாதான் சட்டி பானையெல்லாம் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்து, இனிமேல் எல்லோரும் ஒன்றாக உட்காருவோம், அவரவருக்கு வேண்டியதை அவரவரே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். எனக்குத்தான் முதலில் தடுமாற்றம். எவ்வளவு எடுப்பது என்றே தெரியாமல் சாமைச் சோற்றைக் குவித்து வைத்துக்கொண்டு முழித்தேன், கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரத்தம் ஊற ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையும் தவறாமல் சாப்பிடுகிறாள்.

உனக்கு இதை எழுதக் காரணம் இருக்கிறது சாமி. உன்னோடு வேலை செய்கிற பையன்கள் ஜிம்முக்குப் போய் டப்பாவில் பவுடர் வாங்கிக் கலக்கிக் குடிக்கிறார்கள், நாங்கள் பெண்கள் வெள்ளரிக்காயோடு முடித்துக்கொள்கிறோம் என்று வேடிக்கையாகச் சொன்னாய். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. இங்கே அடுப்படி வேலை ஒரு பெண்ணைப் பட்டினி போட்டது, அங்கே இடுப்பளவு போடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒல்லியாக இருப்பதும் குண்டாக இருப்பதும் உன் இஷ்டம். பசித்தால் மட்டும் சாப்பிட்டுவிடு.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி அடித்தோம். ஈரல் எப்போதும் கேட்காமலே சசிகுமார் தட்டுக்குத்தான் போகும் என்று உனக்குத் தெரியும். அன்று அவன் கை சட்டிக்குப் போவதற்குள் கோகிலா கரண்டியை உள்ளே விட்டு, ஈரலைத் தேடி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அவள் யாரையும் பார்க்காமல் மென்று விழுங்கினாள். “உப்பு கொஞ்சம் கம்மிங்க மாமா” என்று என்னிடம் சொன்னாள்.

அறப்பளீஸ்வரரும் எட்டுக்கை அம்மனும் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் கொடுக்கட்டும். இந்த வாரம் போய் ரத்தம் பார்த்துக்கொள், எவ்வளவு என்று ஒளிக்காமல் எழுது. அம்மா தினைமாவு இடித்து வைத்திருக்கிறாள், செம்மேட்டிலிருந்து அனுப்பி வைக்கிறேன்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
சாமியப்பன்,
திண்ணனூர் நாடு.