பிஸ்கட் டப்பாவில் அக்கா

பிப்ரவரி 4

காய்ச்சல் விட்டுப் பத்து நாளாயிற்று. இன்று வேலைக்குப் போனேன். பால் பண்ணையில் என் வேலை, கேன் மூடியைத் திறந்ததும் முதல் ஆளாக மூக்கை நுழைப்பது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. புளித்த பால், தீவன வாடை, மருந்து வாடை, எதுவானாலும் இயந்திரத்துக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன்.

இன்று நாற்பது கேன் திறந்தேன். நாற்பதும் நல்ல பால் என்று உள்ளே அனுப்பினேன். அடுத்ததைத் திறந்தபோது பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னம்மா, இதையுமா எடுத்துக்கறீங்க? குடலைப் புரட்டுது" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிப்ரவரி 5

பினாயில். வெங்காயம். பெட்ரோல். இவருடைய காலுறை. எதிலும் ஒன்றுமில்லை. "இந்தக் காலுறைக்கு இன்னைக்குத்தான் விமோசனம்" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 7

மேற்பார்வையாளரிடம் நானே சொல்லிவிட்டேன். கெட்ட பாலை நல்ல பாலில் கலக்கவிட்டால் அப்புறம் ஊருக்கே பதில் சொல்ல வேண்டும். கொழுப்பு அளக்கும் இயந்திரத்துக்கு மாற்றிவிட்டார். "மூக்கு வந்ததும் வாங்க, உங்க இடம் எங்கேயும் போகாது" என்றார். நல்ல மனுஷன்.

வேலை கிடக்கட்டும். டப்பாவை என்ன செய்வேன்?

பிப்ரவரி 8

டப்பாவைப் பற்றி இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. எழுதினால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியுமோ என்று பயம்.

அக்கா போய் நாலு மாதம். கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்தவள். இதய வால்வில் பழுது. அன்று காலை என்னவோ சொல்ல வந்தாள், "சாயங்காலம் பேசிக்கலாம்க்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். சாயங்காலம் அவள் இல்லை.

அவள் துணியெல்லாம் துவைக்கப் போனது. ஒரு தலையணை உறையை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இறுக்கமான மூடி போட்ட தகர பிஸ்கட் டப்பாவில், அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு மூடியைத் திறந்து மூன்று மூச்சு இழுப்பேன். மூன்றே மூன்று. வாசனை என்பது துணியை விட்டுப் பறந்து வரும் துகள்தான் என்று பண்ணைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். முகர முகரக் குறையும். அதனால்தான் இந்தக் கஞ்சத்தனம்.

வெயிலில் காய்ந்த துணி, சீவிய பென்சில், கொஞ்சம் வியர்வை - எழுதினால் இவ்வளவுதான். ஆனால் மூடியைத் திறந்ததும், "வாடி மோப்பக்காரி" என்று அவள் கூப்பிடுவது காதிலேயே கேட்கும்.

மார்ச் 5

மூக்கு டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார்.

"மூக்குக்குள்ள உச்சியில தபால்தலை அளவுக்கு ஒரு சவ்வு இருக்கு. வாசனை நரம்பெல்லாம் அங்கேதான். காய்ச்சல் கிருமி அந்த இடத்தைக் கெடுத்திருக்கு."

"நரம்பு செத்தா திரும்ப முளைக்காதுன்னு சொல்வாங்களே?"

"மத்த இடத்துல பெரும்பாலும் முளைக்காது. மூக்குல முளைக்கும். சில பேருக்கு மாசக்கணக்குல. சில பேருக்கு வருஷம் ஆகும். சில பேருக்கு..." பேனாவை மூடி வைத்தார்.

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மாதிரி நாலைந்துதானாம். மற்ற ருசியெல்லாம் மூக்கின் உபயம். சாப்பாடு ஏன் அட்டை மாதிரி இருக்கிறது என்று இப்போது புரிகிறது. கண், காது சேதியெல்லாம் மூளையில் ஓர் இடத்தில் நின்றுதான் போகுமாம். வாசனை மட்டும் நேராக ஞாபகம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போய் இறங்குமாம். "அதான் ஒரு வாசனை வந்தா ஆளே வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அழுதுவிட்டேன். பாவம், அந்தப் பெண் பயந்துபோனது.

மார்ச் 6

மூக்குக்குப் பயிற்சியாக டாக்டர் கொடுத்த நாலு குப்பி: எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது நொடி முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனையை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். பழகிய வாசனை எதுவானாலும் சேர்த்துக்கொள்ளலாமாம்.

பழகிய வாசனை! ஐந்தாவது குப்பியாக அக்காவையா வைப்பேன்? என் மூக்கைப் பழக்க அவளைச் செலவழிப்பதா? மாட்டேன்.

மார்ச் 29

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 6

இன்று முதல் ஞாயிறு. தாங்க முடியவில்லை. டப்பாவைத் திறந்து முகத்தையே உள்ளே வைத்துவிட்டேன். மூன்று மூச்சு இல்லை, முப்பது இருக்கும். வெறும் காற்று. வெறும் துணி.

எனக்குத்தான் தெரியவில்லை, வாசனையாவது இருக்கிறதா என்று பார்க்க இவரைக் கூப்பிட்டேன். இவர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "உன் வாசனைதான் அடிக்குது" என்றார்.

என் வாசனையா! என் கையும் மூஞ்சியும் பட்டு அக்காவை அழிச்சிட்டேனா? நானேவா? "உங்களுக்கு மூக்கு இருந்து என்ன புண்ணியம்"னு கத்திட்டேன். அவர் என்ன பண்ணுவார், கேட்டதுக்குப் பதில் சொன்னார். டப்பாவை உள்ளே தள்ளிக் கதவை அறைஞ்சு சாத்தினேன். மனசே ஆறலை.

ஏப்ரல் 10

நாலு நாளாக இவரோடு பேச்சில்லை. இன்று நானே காபி கொண்டுபோய் வைத்தேன். அதற்கு என்ன ருசி என்று எனக்குத் தெரியாது. குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றார். பொய்யாகத்தான் இருக்கும்.

ஜூன் 12

கிராம்புக் குப்பியைத் திறந்ததும் மூக்கில் ஏதோ பட்டது! கருகிய மின்கம்பி வாடை. கிராம்பு எங்கே, கம்பி எங்கே. காபியும் எரிந்த ரப்பர் மாதிரி நாறுகிறது.

டாக்டருக்குப் போன் செய்தேன். "ரொம்ப நல்ல செய்தி. புது நரம்பு வழி தெரியாம இணையுது. சரியாகிடும்" என்றார். அக்கா இருந்தால், "மோப்பக்காரிக்கு மூக்கு கோணிக்கிச்சு" என்று ஒரு வாரம் கேலி செய்திருப்பாள்.

ஜூலை 19

எலுமிச்சை எலுமிச்சையாக வந்தது. தெருவில் மழை வாசனை. குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே வந்தேன். மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

டப்பாவைத் திறக்கவில்லை. மூக்கு முழுசாகத் தேறட்டும். ஒரு மூச்சைக்கூட வீணாக்கக் கூடாது.

ஆகஸ்ட் 3

காலையில் குளித்து, கையை நன்றாகக் கழுவி, டப்பாவை எடுத்தேன். கையில் எடுத்ததுமே மூடி கழன்று வந்தது.

ஏப்ரலில் கோபத்தில் அழுத்தி மூடவில்லை. நாலு மாதமாகத் திறந்தே கிடந்திருக்கிறது. கேன் மூடியை அழுத்திப் பார்க்காமல் விட்டதற்கு எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்.

முகர்ந்தேன். தகரம். பழைய பிஸ்கட். அலமாரிக் கட்டை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அக்கா மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 4

எழுத ஒன்றுமில்லை. அக்கா, அன்னைக்கு என்னடி சொல்ல வந்தே?

ஆகஸ்ட் 25

கேன் வரிசைக்குத் திரும்பிவிட்டேன். லாரி ஓட்டுநர் கைதட்டினார். பழைய வழக்கப்படி பத்து கேனுக்கு ஒரு முறை வெளியே வந்து நின்றேன். ஒரே வாசனையிலேயே இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுக்காது. வெளிக்காற்றில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனால்தான் மறுபடி பிடிக்கும். இருபத்திரண்டு வருடமாக நின்ற அதே வாசற்படி. மனம்தான் எதிலும் ஒட்டவில்லை.

செப்டம்பர் 14



துவைக்கப் போடக் கூடையைக் கவிழ்த்தேன். அக்கா வந்தாள். அப்படியே, முழுசாக. வெயில், பென்சில், வியர்வை. யாரோ தலையணை உறையைக் கூடையில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அதில் வாசனை போனதுகூட ஞாபகமில்லாமல், "டப்பாவை யாரு தொட்டது?" என்று கத்தினேன். இவர் ஓடி வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"அது நீ நேத்து போட்டிருந்த நைட்டிடி."

உட்கார்ந்துவிட்டேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். என் வாசனை எனக்கு எப்படித் தெரியும்? நாற்பத்தாறு வருடமாக அதற்குள்ளேயே அல்லவா இருக்கிறேன். மூக்கு ஆறு மாதம் செத்துப் பிழைத்து வெளியே நின்றுவிட்டு வந்ததால் இன்று பிடித்துவிட்டது.

"ஏப்ரல்லயே சொன்னேன். காதுல போட்டுக்கிட்டாதானே" என்றார் இவர். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நைட்டியைத் துவைக்கப் போட்டுவிட்டேன். பத்திரப்படுத்த வேண்டியதில்லை.

அக்டோபர் 7

அக்கா போய் இன்றோடு ஒரு வருடம். காலையில் நைட்டியை முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. கிராம்பு தெரிகிறது, காபி தெரிகிறது. மூக்குக்கு என் வாசனை மறுபடி பழகிவிட்டது, அவ்வளவுதான்.

டப்பாவைக் கழுவி பிஸ்கட் போட்டு வைத்தேன்.

மாலையில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தோளை நீட்டினேன். பேப்பரைத் தாழ்த்தி முகர்ந்து பார்த்தார்.

"இருக்கு" என்றார்.