அழிக்காமல் வைத்த வரி

நீ அமைத்துக் கொடுத்த பழைய கணினி இன்று மதியம் கறுத்துப்போய் நின்றது. நேற்று அதன் இயங்குதளமான லினக்ஸை அப்டேட் செய்தேன். அதற்குப் பிறகு இன்றுதான் போட்டேன், படமே வரவில்லை. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான். என் மகளை நீ மடியில் வைத்திருக்கும் ஒரே புகைப்படம் அதற்குள் இருக்கிறது. வேறெங்கும் எடுத்து வைக்காத என்னை நானே திட்டிக்கொண்டேன்.

திரையின் அமைப்பு xorg.conf என்ற கோப்பில் இருக்கும் என்பது ஞாபகம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் அதைத் திருத்தினேன். ஒன்றும் மாறவில்லை.

அப்போதுதான் நாம் சேர்ந்து படித்த பொள்ளாச்சிக் கல்லூரியின் கணினி அறை நினைவுக்கு வந்தது. ஊருக்குப் போகும் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு பழைய கணினியோடு நாம் மல்லுக்கட்டிய மாலை. நாம் திருத்தியது XF86Config என்ற கோப்பை. கணினி படித்துக்கொண்டிருந்ததோ பக்கத்திலேயே கிடந்த XF86Config-4 என்ற வேறொரு கோப்பை. அடுத்த மேசைக் கணினியில் அதே வேலைக்கு xorg.conf என்று வேறு பெயர். நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஏம்புள்ள, இத்தன நேரமும் பக்கத்தூட்டு வாசலக் கூட்டிட்டு இருந்திருக்கறோம்!"

"பேர ஒண்ணா வெச்சா என்னவாம் இவிங்களுக்கு?"

"அதுங் கெடக்குது. மொதல்ல அது எதப் படிக்குதுன்னு பாரு. அப்புறம் கைய வை."

உன் விஷயத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. நீ டெங்கு வந்து படுத்திருந்தபோது தினமும் போனில் காய்ச்சல் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். "உட்டுருச்சு புள்ள, அசதிதான்" என்றாய். நிம்மதியாக வைத்துவிட்டேன். காய்ச்சல் இறங்கிய பிறகுதான் கவனமாக இருக்க வேண்டும் என்பதை, நீ போன பிறகு மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இப்போது மகளுக்கு உடம்பு சுட்டால் பயம். சூடு இறங்கினால் அதைவிடப் பயம். தண்ணீர் குடித்தாளா, சிறுநீர் கழித்தாளா என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

எதையெல்லாம் படித்தது என்று கணினி எழுதி வைக்கும் பதிவைத் திறந்தேன். அது xorg.conf.d என்ற ஒரு கோப்புறையையும் படித்திருந்தது. அதற்குள் நீ எழுதிய ஒரு கோப்பு. முதல் வரியில் ஒரு குறிப்பு: "# புள்ள, இதத் தொட்டீன்னா என்னயக் கூப்புடு."



அதில் நீ குறிப்பிட்டிருந்த, திரையை இயக்கும் டிரைவர் மென்பொருள் புதிய லினக்ஸில் இல்லை. அந்த வரியை மாற்றித்தான் ஆக வேண்டும். நீ எந்த வரியையும் அழிக்க விடமாட்டாய். கணினி தாண்டிப் போகும்படி முன்னால் # போட்டு நிறுத்திவிட்டு, கீழே புதிதாக எழுதச் சொல்வாய். அப்படியே செய்தேன்.

திரை வந்தது. படத்தில் நீ மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், கேமராவைப் பார்க்கவில்லை.

உன் வரி அங்கேயே இருக்கிறது. கணினி இனி அதைப் படிக்காது. நான் படிப்பேன்.