கடைமடைக்கு ஒரு புள்ளிக்கோடு

ஜூன் 16, செவ்வாய்

மேல் ஊராட்சித் தலைவர் எங்களை ஏமாற்றத்தான் வயல் காக்கும் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

காலையிலிருந்து சாரல். குடையைப் பஸ்ஸில் விட்டாயிற்று. கையெழுத்தாகி எட்டாம் நாள், சுயம்பு அண்ணாச்சி வயலுக்கு மேலே உள்ள வயலில் செம்மண் கொட்டிவிட்டார்கள். பிளாட் போடப்போகிறார்களாம். அந்த வயல் மேல் ஊராட்சி. அண்ணாச்சி வயல் கீழ் ஊராட்சி, கடைமடை. நடுவில் வாய்க்கால் கிடையாது. மேல் வயல் நிரம்பி, வரப்பில் வெட்டிய இடம் வழியாகக் கீழே இறங்கும். அவர் அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான். எந்த ரெக்கார்டிலும் இல்லை.

நாற்றுக்கு இன்று இருபத்தாறு நாள். இன்னும் நாலைந்து நாளில் நடாவிட்டால் மூத்துப்போகும். அப்புறம் மாட்டுக்குத்தான். சாரலை நம்பி உழ முடியாது.

செய்ய:
– ஒ.பா.விடம் பேச (திட்ட ஒருங்கிணைப்பாளர். முழுசாக எழுத அலுப்பு)
– மண்மேடு, போட்டோ
– செருப்பு தைக்க

ஜூன் 17, புதன்

ஒ.பா.வுடன் அரை மணி நேரம்.

"இது ஃப்ளெக்ஸிபிளான பிளான்மா. சட்டம் இல்ல. மனசு ஒத்து நடக்கிற ஏற்பாடு."

"ஒத்து நடக்கலியே சார்."

"அப்ப இன்னும் பேசணும்."

பேசுவதற்குக் கூட்டம். கூட்டத்துக்கு எத்தனை ரசவடை என்று என்னிடமே கேட்டார்.

இந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சட்டத்துக்கு சர்வே நம்பர் தெரியும், தண்ணீர் போகிற வழி தெரியாது. ஊராட்சி எல்லையில் ஒரு ஆபீஸ் முடிந்து இன்னொன்று தொடங்கும். தண்ணீர் அதைப் பார்த்து நிற்குமா? மூன்று ஊராட்சியையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, வயல் காக்க ஒரே வரைபடம். அண்ணாச்சி வயலுக்குத் தண்ணீர் இறங்கும் வயல்வழியை நடந்து பார்த்து நீலப் புள்ளிக்கோடாகப் போட்டது நான். சரியான கோடு. இப்போதும் சொல்வேன். மீறினால் என்ன செய்வது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்.

அஞ்சுகிராமம் பஸ்ஸில் முன் சீட்டு: "வயலு இருக்குன்னா பொண்ணு தரமாட்டான் மக்கா. பிளாட்டு இருக்குன்னு சொல்லு, வீடு தேடி வந்து தருவான்."

செருப்பு தைக்கவில்லை.

ஜூன் 18, வியாழன்

வெயில். தலைவரைப் பிடித்து, போட்ட கையெழுத்தைப் பற்றிக் கேட்டது டீக்கடையில்.

"ஒப்பு போட்டது நான். வயலு எனக்கதா? வயலுக்காரன் ஒப்பு போட்டானா?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"அன்னைக்கு நீங்க அதக் கேக்கலியே. போட்டோவுக்கு நில்லுங்கன்னு சொன்னிய, நின்னேன்."

கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. கேவலம்.

எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தது: போன மாதம் அண்ணாச்சி தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருந்தார், மேல் வயலில் மண் போடவிடாதீர்கள் என்று. மனு கிடந்தால் கையெழுத்தில்லை என்றார் தலைவர். ஒ.பா. என்னை அனுப்பினார். நான் போய், "மனு வேண்டாம் அண்ணாச்சி, பேசியே முடிச்சிரலாம்" என்றேன். வரைபடத்தை விரித்துக் கோட்டைக் காட்டினேன். விரலால் அந்தக் கோட்டின் மேலேயே போய் அவர் வயலில் நிறுத்தினார். மறுநாளே வாபஸ்.

தலைவலி. காப்பி மூன்று.

ஜூன் 19, வெள்ளி

அணைத் தண்ணீர் மேல் ஊராட்சி வரை வந்துவிட்டது. நடந்து போய்ப் பார்த்தேன். செம்மண்ணில் முட்டி, திரும்பி, ரோட்டோர ஓடையில் விழுந்து போகிறது. நல்ல தண்ணீர். கீழே அண்ணாச்சி வயல் வெடித்துக் கிடக்கிறது. குடத்தில் கோரி நாற்றங்காலுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. நானும் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வந்துவிட்டேன். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.

கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பு. மார்த்தாண்டம் பக்கத்து ஊராட்சிகளும் இதே மாதிரி திட்டம் கேட்கின்றனவாம். ஒ.பா.வுக்கு ரொம்ப சந்தோஷம்.

ஜூன் 20, சனி

அரை நாள் வேலை. அண்ணாச்சி ஆபீசுக்கே வந்துவிட்டார், துவைத்த சட்டை போட்டு. மறுபடி மனு கொடுக்கப் போனவரைத் தாலுகா ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "நீருதான வே வாபஸ் வாங்கினீரு?" என்று கேட்டு.

நாற்காலி காட்டினேன். உட்காரவில்லை.

"ஒன்னத் திட்ட வரல மக்கா. நீ சொல்லித்தான் வாபஸ் வாங்கினேன்னு ஒரு தாள்ல எழுதி ஒப்பு போட்டுத் தா. அதக் காட்டினா மறுபடி எடுப்பாவளாம். நாத்துக்கு முப்பது நாளாச்சு."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒ.பா. போனில் பேசுவதை நிறுத்தியிருந்தார். என் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிப்பது அவர்.

"ஒரு வரி போதும் மக்கா."

தாளும் பேனாவும் அவரே கொண்டுவந்திருந்தார்.